சென்னைச் சொற்பொழிவுகளும் சாத்தூர்க் கேள்வியும்

சென்ற டிசம்பர் 10ஆம் நாள், மனித உரிமை நாளையொட்டி எங்கள் வட்டாரக் கல்லூரி ஒன்றில் பொதுக்கூட்டம் ஒன்று நடந்தது. இனவேற்றுமையைச் சமயங்கள் எவ்வாறு நோக்குகின்றன என்பது பொருள். மூன்று சமயத்தாரையும் அழைத்திருந்தார்கள்; இஸ்லாத்தின் சார்பில் பேச என்னை நிறுத்தினார்கள். பிலால் (ரலி) அவர்கள் கஅபாவின் மேலேறிப் பாங்கு சொன்னதையும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜுப் பேருரையில் அரபியருக்கும் அரபியர் அல்லாதாருக்கும், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே இறையச்சம் ஒன்றைத் தவிர வேறு ஏற்றத்தாழ்வு இல்லையென்று அறிவித்ததையும் எடுத்துச் சொன்னேன். அரங்கில் நல்ல கைதட்டல். முப்பது ஆண்டுகளாக மீலாது மேடைகளில் நான் சொல்லி வரும் செய்திகளே அவை. எந்த இடத்தில் கைதட்டுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

கேள்வி நேரத்தில் மாணவன் ஒருவன் எழுந்தான்.

“ஹஸ்ரத், எங்கள் பாட்டனார் இஸ்லாத்தில் இணைந்து நாற்பது ஆண்டு கடந்துவிட்டது. என் அத்தாவும் முஸ்லிமாகவே வளர்ந்தவர். பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்க எங்களை யாரும் தடுத்ததில்லை. ஆனால் என் அக்காளுக்கு மூன்று ஆண்டுகளாக மாப்பிள்ளை பார்க்கிறோம். வருகிறவர்கள் நல்ல முறையில் பேசுகிறார்கள். நீங்கள் எந்த வகையறா என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. நீங்கள் இப்போது சொன்னது பள்ளிவாசலுக்கு மட்டுமா, வீட்டுக்கும் உண்டா?”

தலைவர் மணியடித்தார். நான் ஏதோ சொல்லிவிட்டு அமர்ந்தேன். அது விடையன்று என்பதை அந்தப் பிள்ளையும் அறிவான், நானும் அறிவேன்.

அன்றிரவு வீடு திரும்பி, அலமாரியிலிருந்து ‘குத்பாத்தே மத்ராஸ்’ என்னும் உருது நூலை எடுத்தேன். கல்லூரி மாணவர் முன்னிலையில் இஸ்லாத்தைப் பற்றிப் பேசுவது நம் தமிழகத்தில் எப்போது, எவ்வாறு தொடங்கிற்று என்று மீண்டும் ஒருமுறை பார்க்க விரும்பினேன். இவ்வரலாறு நம் இளைஞருள் பலருக்குத் தெரியாது. முதியோருள்ளும் சிலருக்கு ‘அல்லாமா இக்பால் சென்னைக்கு வந்தார்’ என்ற அளவில்தான் தெரியும்.

அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழக மாணவர்க்காக, அமெரிக்கக் கிறித்தவர் ஒருவரின் பொருளுதவியால், கிறித்தவ அறிஞர்கள் வந்து ஈஸா (அலை) அவர்களின் வாழ்வையும் கிறித்தவ சமயத்தையும் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றி வந்தார்கள். இதைக் கண்ட தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தார்க்கு, ஆங்கிலக் கல்வி கற்கும் நம் பிள்ளைகளுக்கும் அத்தகைய சொற்பொழிவுகள் வேண்டுமென்ற எண்ணம் உண்டாயிற்று. செலவை ஏற்க முன்வந்தவர் தோல் வணிகப் பெருமகனார் சேட் ஜமால் முஹம்மது சாஹிப் அவர்கள். 1951இல் திருச்சியில் எழுந்த ஜமால் முஹம்மது கல்லூரி தாங்கி நிற்பது இவர் பெயரையே. பிறர் செய்வதைக் கண்டு பொறாமை கொள்ளாமல், கூச்சலிடாமல், ‘நாமும் நம் அறிஞரை அழைப்போம்’ என்று முடிவு செய்த அப்பெரியோரின் போக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது.

முதலில் வந்தவர் மௌலானா செய்யித் சுலைமான் நத்வி அவர்கள். அல்லாமா ஷிப்லி நுஃமானியின் மாணவர். ஆசிரியர் முடிக்காது விட்டுச் சென்ற ‘சீரத்துன் நபி’ என்னும் பெருநூலைத் தொடர்ந்து எழுதியவர். 1925 அக்டோபர், நவம்பர் மாதங்களில் சென்னை லாலி மண்டபத்தில் எட்டுச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவற்றின் நடுநாடியாக விளங்குவது ஒரு வாதம். மனிதகுலம் முழுவதும் பின்பற்றத் தக்க ஒரு வாழ்வுக்கு நான்கு தகுதிகள் வேண்டும் என்கிறார் நத்வி. அவ்வாழ்வு வரலாற்றில் நிலைபெற்றதாக இருக்க வேண்டும்; குறைவற்று முழுமையாகப் பதிவாகியிருக்க வேண்டும்; வாழ்வின் எல்லாத் துறைகளையும் தழுவியதாக இருக்க வேண்டும்; நான்காவது, ‘அமலிய்யத்’. அதாவது, சொன்னவர் சொன்னதைத் தம் வாழ்வில் செய்து காட்டியிருக்க வேண்டும். இனிய அறவுரைகளை உலகில் பலர் சொல்லியிருக்கிறார்கள். செய்து காட்டியவர் யார் என்று பார் என்பதே அவர் விடுத்த அறைகூவல்.

இந்த நான்காம் தகுதியை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன், மாணவர்க்கும் பாடம் சொல்லியிருக்கிறேன். அன்றிரவு படித்தபோதுதான், அது பிற சமயத்தாரை நோக்கி மட்டும் விடுக்கப்பட்ட கேள்வியன்று என்பது உறைத்தது. கல்லூரி அரங்கில் அந்தப் பிள்ளை கேட்டதும் ‘அமலிய்யத்’ பற்றிய கேள்விதான்.

நத்வி அவர்கள் சென்னையில் பேசிய அதே 1925ஆம் ஆண்டு தமிழகத்தில் வேறு என்ன நடந்து கொண்டிருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவி குருகுலத்தில், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்தது பற்றிய வழக்கு நாட்டையே உலுக்கியிருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் ‘குடி அரசு’ வார இதழ் பிறந்தது. நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டதால் பெரியார் ஈ.வெ.ரா. காங்கிரசை விட்டு வெளியேறினார். சென்னையில் உருது மொழியில் சமத்துவம் பேசப்பட்ட அதே நாட்களில், காஞ்சியில் தமிழில் சமத்துவம் கேட்கப்பட்டது. இரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! மொழி குறுக்கே நின்றது. நத்வி உருதுவில் பேசினார். அடுத்து வந்தவர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். காயலிலும் கீழக்கரையிலும் மேலப்பாளையத்திலும் இருந்த தமிழ் முஸ்லிம் அன்று தன் வீட்டு விருந்தை அயல்மொழியில்தான் கேட்க வேண்டியிருந்தது. பா. தாவூத் ஷா அவர்கள் ‘தாருல் இஸ்லாம்’ இதழில் தமிழில் எழுதியும் வாதிட்டும் வந்திராவிடில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருந்திருக்கும். அவருடைய கருத்துகள் எல்லாவற்றையும் நான் ஏற்பவனல்லன். எனினும் அவர் தமிழுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இரண்டாம் தொடரை 1927இல் நிகழ்த்தியவர் மர்மடியூக் பிக்தால் அவர்கள். 1917இல் இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலேயர். அப்போது நிஜாமின் ஹைதராபாத்தில் பணியாற்றி வந்தார். பின்னர் 1930இல் இவருடைய திருக்குர்ஆன் ஆங்கில மொழியாக்கம் வெளிவந்தது. இவருடைய சென்னை உரைகளுள் ஒன்றுக்குச் ‘சகோதரத்துவம்’ என்பதே தலைப்பு. ஆளும் இனத்தில் பிறந்த வெள்ளையர் ஒருவர், ஆளப்படும் நாட்டில், ஆளப்படும் மக்களை நோக்கி ‘என் சகோதரர்களே’ என்று பேசிய காட்சி அந்நாளில் எளிதில் காணக்கிடைப்பதன்று.

1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் வந்தார். சென்னையில் மூன்று உரைகள்; பிறகு மைசூர், ஹைதராபாத் என்று பயணம் தொடர்ந்தது. 1930இல் நூலாக வெளிவந்த ஆறு உரைகளின் தொகுதிக்கு வித்திட்டது சென்னை அழைப்பே. அத்தொகுதியின் ஆறாம் உரை ‘இஜ்திஹாத்’ பற்றியது. நம் சட்ட நூல்கள் ஒரு காலத்தின் தேவைக்கேற்ப எழுந்தவை, மீண்டும் ஆராயப்பட வேண்டியவை என்பது அதன் சாரம். அடுத்த மாதமே, 1929 பிப்ரவரி 17, 18ஆம் நாட்களில், செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடிற்று. அதற்குத் தலைமை தாங்கியவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார்.

இந்தப் பெயர் எங்கள் சாத்தூர்ப் பகுதிக்கு அந்நியமானதன்று. 1910இல் இராமநாதபுரம் ஜில்லா அமைந்தபோது சாத்தூர்த் தாலுகா திருநெல்வேலியிலிருந்து பிரிந்து அதனுடன் சேர்ந்தது. சௌந்தரபாண்டியனார் அந்த ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரைப் பேருந்தில் ஏற்ற மறுத்தால் அந்தப் பேருந்தின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். மாநாட்டில் பேசுவது ஒன்று. பேருந்துக்காரரின் உரிமத்தில் கை வைப்பது வேறு. நத்வி அவர்களின் நான்காம் தகுதி எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது.

இந்த மண்ணில் அந்த ஆணைக்கு முன் நடந்தவையும் உண்டு. 1897 மே மாதம் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். சேதுபதி மன்னர் வழக்குத் தொடுத்தார். வழக்கு இலண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்று 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. அதற்கிடையில், 1899 ஜூன் 6ஆம் நாள், சாத்தூரிலிருந்து சில கல் தொலைவிலுள்ள சிவகாசி பெருங்கூட்டத்தால் தாக்கப்பட்டது. அங்கும் கோயில் நுழைவே காரணம். இன்று பட்டாசுக்கும் அச்சுக்கும் பெயர் பெற்ற அந்த ஊரின் உழைப்பாளி வணிகர்கள், தங்கள் பொருளால் தழைத்த ஊரிலேயே கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டார்கள். நாற்பது ஆண்டு கழித்து, 1939 ஜூலை 8ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஆலயப் பிரவேசம் செய்வித்தபோது, ஆதிதிராவிடத் தோழர்களுடன் விருதுநகர் நகராட்சி உறுப்பினரான நாடார் ஒருவரும் சென்றார். பணமும் படிப்பும் பதவியும் வந்த பிறகும் வாசல் திறக்க அத்தனை காலம் ஆயிற்று.

நம் பெரியோர் இவ்வரலாற்றைச் சொல்லி, ‘நம் பள்ளிவாசலில் இந்தத் தடை இல்லை’ என்று பெருமைப்படுவது வழக்கம். பெருமை பொய்யன்று. பெரியாரே 1931 மீலாது விழாவில் சாத்தான்குளத்திலும், 1947 மார்ச்சில் திருச்சியிலும் இதை வெளிப்படையாகச் சொன்னார். பள்ளிவாசலின் வாயில் திறந்தே இருந்தது. அடுக்களையின் வாயிலும் பெருமளவு திறந்தே இருந்தது. ஒரே சகனில் நால்வர் அமர்ந்து உண்ணும் பழக்கம் நம்முடையது. மூன்றாவது ஒரு வாயில் உண்டு. அதைப் பற்றி நாம் மேடையில் பேசுவதில்லை.

உலக அரங்கிலும் நாம் எடுத்துக்காட்டத் தவறாத ஒருவர் இருக்கிறார்: மால்கம் எக்ஸ். 1964 ஏப்ரலில் ஹஜ்ஜுக்குச் சென்ற அவர், நீலக்கண் வெள்ளையருடன் ஒரே தட்டில் உண்டதையும் ஒரே விரிப்பில் உறங்கியதையும் வியந்து மக்காவிலிருந்து கடிதம் எழுதினார். மே மாதம் நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகத்தில் பேசினார். அங்கிருந்த முஸ்லிம் மாணவர் சங்கத்தார் அவருக்கு ‘ஓமோவாலே’ என்று பெயரிட்டார்கள். ‘வீடு திரும்பிய மகன்’ என்பது யொரூபா மொழியில் அதன் பொருள். டிசம்பர் 3ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் மன்றத்தில் வாதிட்டார். மூன்று மாதங்கூட நிறையவில்லை, 1965 பிப்ரவரி 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவில் பல்கலைக்கழகமே நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் கறுப்பர்க்கும் இந்தியர்க்கும் தனித்தனிக் கல்லூரிகளை வகுத்தது. 1961இல் டர்பன் துறைமுகத்திலுள்ள சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில், இந்தியர்க்கான பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகச் சென்ற தமிழரின் பேரப்பிள்ளைகள் படகேறிப் போய்ப் படித்தார்கள். கேப்டவுன் பல்கலைக்கழகத்தாரோ இச்சட்டத்தை எதிர்த்து, மறைந்த தம் துணைவேந்தர் டேவி அவர்களின் பெயரில் 1959 முதல் ஆண்டுதோறும் பொதுச் சொற்பொழிவு நடத்தி வந்தார்கள். சட்டத்தை அவர்களால் உடனே மாற்ற முடியவில்லை. ஆண்டுக்கொருமுறை ‘இது தவறு’ என்று பலர் அறியச் சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை.

சொல்லவே விடாத அரங்குகளும் உண்டு. 1936இல் லாகூரில் சாதி ஒழிப்புச் சங்கம் ஒன்று டாக்டர் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது; உரையை முன்கூட்டிப் படித்துப் பார்த்ததும் மாநாட்டையே கைவிட்டது. சாதியை ஒழிக்க வந்த சங்கத்தாலேயே அவ்வுரையைத் தாங்க முடியவில்லை. அவர் அதைத் தம் செலவில் அச்சிட்டார். அன்று கைதட்டிக் கேட்கப்பட்ட உரைகள் பலவும் மறைந்தன. பேசப்படாத அந்த உரை இன்றும் படிக்கப்படுகிறது.

இனி மூன்றாவது வாயிலுக்கு வருகிறேன். இதை எழுதுவது எளிதாக இல்லை. ஆயினும் மார்க்கச் சட்டத்தைப் பாடம் சொல்பவன் என்ற முறையில் எனக்குக் கடமை உண்டு.

பெண் கொடுக்க மறுப்பவர் சிலர் ‘கஃபாஅத்’ என்னும் சொல்லை வாயில் வைத்திருக்கிறார்கள். திருமணத்தில் பொருத்தம் என்பது அதன் பொருள். நம் ஃபிக்ஹு நூல்களில் இப்பகுதி இருப்பது உண்மையே. எங்கள் ஹனஃபி மதரஸாக்களில் ஓதப்படும் மர்கினானியின் ‘ஹிதாயா’விலும் உண்டு, கடற்கரையின் ஷாஃபிஈ மதரஸாக்களில் ஓதப்படும் ‘ஃபத்ஹுல் முயீன்’ நூலிலும் உண்டு. ஆனால் அப்பகுதி என்ன சொல்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

முதலாவது, இப்பொருத்தம் மணமகன் பக்கத்தில் பார்க்கப்படுவது. மணமகள் குலத்தில் தாழ்ந்தவள் என்று கூறி அவளை மறுக்க ஃபிக்ஹில் இடமே இல்லை. ஆக, அந்தப் பிள்ளையின் அக்காளைப் பெண் பார்க்க வந்து, வகையறா கேட்டுத் திரும்பிப் போனவர்களுக்குச் சட்ட நூலின் நிழல்கூடக் கிடைக்காது. இரண்டாவது, குலவழிப் பொருத்தம் அரபியருக்கே உரியது என்கிறது ஹிதாயா; அரபியர் அல்லாதாரிடையே எத்தனை தலைமுறையாக இஸ்லாம் என்பதையே பார்க்கிறது. நாம் இராவுத்தரானாலும் மரைக்காயரானாலும் லெப்பையானாலும் அந்நூலின் கண்ணில் அஜமிகளே. மூன்றாவது, தந்தையும் பாட்டனும் முஸ்லிமாயிருந்தவர், நூறு தலைமுறை முஸ்லிம் வீட்டாருக்கு முழுப் பொருத்தமுடையவர் என்பது அதன் தெளிவான தீர்ப்பு. நாளை அந்த மாணவனே பெண் கேட்டு வந்தாலும், எந்த நூலைக் காட்டி மறுக்கிறார்களோ அந்த நூலே அவன் பக்கம் பேசும். நான்காவது, பெண்ணும் பொறுப்பாளரும் இசைந்தால் பொருத்தம் இல்லாத நிக்காஹும் செல்லும். ஆட்சேபிக்கும் உரிமையைத்தான் நூல் தருகிறது, ஆட்சேபிக்கும்படி கட்டளையிடவில்லை. இமாம் மாலிக் அவர்களோ குலத்தை ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை. மார்க்கப் பற்றையே முதலாகக் கொண்டார்.

நூல்களுக்கு முன்னே நபிவழி இருக்கிறது. குறைஷிப் பெண்மணியான ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை, விடுதலை பெற்ற அடிமையின் மகனான உஸாமா (ரலி) அவர்களுக்கு மணம் முடிக்கப் பெருமானார் (ஸல்) அவர்களே ஆலோசனை கூறினார்கள். இரத்தம் குத்தி எடுக்கும் தொழில் செய்த அபூ ஹிந்த் (ரலி) அவர்களுக்குப் பெண் கொடுங்கள், அவரிடம் பெண் எடுங்கள் என்று பனூ பயாளா குலத்தாரிடம் கூறியதை அபூதாவூது பதிவு செய்திருக்கிறார். நம் ஊர்களில் அதே தொழிலையும் முடி திருத்தும் தொழிலையும் தலைமுறையாகச் செய்து, நம் பிள்ளைகளுக்குச் சுன்னத்தும் செய்து வைத்த குடும்பங்களுக்கு நாம் என்ன இடம் கொடுத்திருக்கிறோம் என்பதை இதைப் படிப்பவர் தத்தம் ஊரில் பார்த்துக்கொள்ளட்டும்.

‘ஃபத்ஹுல் முயீன்’ ஆசிரியர் ஜைனுத்தீன் மக்தூம் அவர்களிடமே ஒரு வியப்பு உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ என்னும் வரலாற்று நூலையும் எழுதியவர் அவரே. அதை டாக்டர் முஹம்மது ஹுசைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்க்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1942இல் வெளியிட்டது. மலபாரின் கடுமையான சாதிக் கட்டுகளை விவரித்துவிட்டு, அடிநிலையிலுள்ள ஒருவர் இஸ்லாத்தில் சேர்ந்தாலும் அந்நாட்டு இந்துக்கள் அவருக்குத் தீங்கு செய்வதில்லை, மற்ற முஸ்லிம்களுக்குக் காட்டும் மரியாதையையே அவருக்கும் காட்டுகிறார்கள் என்று மக்தூம் அவர்கள் எழுதுகிறார். அயலார் அன்றே ஒப்புக்கொண்ட சமத்துவம் அது. அதே ஆசிரியரின் சட்ட நூலிலோ, தானே இஸ்லாத்துக்கு வந்தவர் தந்தை முதல் முஸ்லிமான பெண்ணுக்குப் பொருத்தமாகார் என்ற விதி நிற்கிறது. வரலாறு எழுதிய கை ஒன்றைக் கண்டது. சட்டம் எழுதிய கை முன்னோர் நூல்களைப் பின்பற்றியது. இக்பால் இஜ்திஹாத் பற்றிப் பேசியது ஏன் என்பது இவ்விடத்தில் எனக்கு விளங்குகிறது.

1981 பிப்ரவரி 19ஆம் நாள் தென்காசிக்கு அருகில் மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடெங்கும் பேச்சாயிற்று. தில்லியிலிருந்து தலைவர்கள் வந்து போனார்கள். பணத்துக்காகவா, மானத்துக்காகவா என்று ஏடுகள் வாதிட்டன. அம்மக்களைப் பற்றிப் பேசியவர் பலர். சம்பந்தம் செய்ய முன்வந்தவர் எத்தனை பேர் என்று எந்த ஏடும் கேட்டதாக நான் காணவில்லை, நாமும் கேட்டுக்கொள்ளவில்லை.

அரசின் ஏட்டிலும் புதியவருக்கு இடம் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதிச் சலுகை முஸ்லிமானவருக்கு இல்லை. 2007இல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. ஆனால் அது அன்சாரி, தக்னி, துதேகுலா, இராவுத்தரும் மரைக்காயரும் அடங்கிய லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், செய்யித் என்னும் ஏழு பிரிவினருக்கு உரியது. ஏழும் பிறப்பால் வருவன. எந்தப் பிரிவும் இல்லாத வெறும் முஸ்லிம் ‘இதரர்’ ஆனார். 2024இல்தான், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தார் முதலியோரிலிருந்து இஸ்லாத்துக்கு வந்தவர்களையும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கொள்ளத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. தாசில்தார் அலுவலகத்தின் வாயில் ஒருவாறு திறந்தது.

இவ்வாண்டும் ஹிதாயாவின் கஃபாஅத் பகுதியை நடத்தினேன். முன்பெல்லாம் இரண்டு நாளில் கடந்துவிடுவேன்; இம்முறை ஒரு வாரம் ஆயிற்று. அபூ ஹிந்த் (ரலி) அவர்களின் ஹதீஸைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வகுப்பு முடிந்ததும் மூத்த மாணவர் ஒருவர், “உஸ்தாது, இதை ஜும்ஆ பயானில் சொல்லலாமே” என்றார். வரும் வெள்ளிக்கிழமை என் முறை. பொருளை எழுதி ஜமாஅத் நிர்வாகிகளிடம் கொடுத்துவிட்டேன். ஒருவர் படித்துப் பார்த்து, “ஹஸ்ரத், நோன்பு வருகிறதே, ஜகாத்தைப் பற்றிப் பேசக் கூடாதா?” என்று கேட்டார். ஜகாத்தை அடுத்த வாரம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்.